எதிர்மூலைச் சந்தனம்

ஆயுத பூஜையன்று காலை, ஷெட்டு வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் என் தங்கச்சி பிரகதீஸ்வரி சொன்னாள்.

"அண்ணே, ரெண்டாவது பேண்டு தேறல."

நான் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. மாவிலையின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினேன். சென்னைக் கம்பெனியிலிருந்து எங்கள் சாம்பிளைப் பரிசோதிக்க வருகிற அம்மா, திருச்சியில் இறங்கிக் காரில் ஏறிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தார். இந்நேரம் நார்த்தாமலையைத் தாண்டியிருப்பார். இன்றைக்கு அவர் கையெழுத்துப் போட்டால் எங்களுக்கு வருசம் முழுக்க வேலை. போடவில்லையென்றால் ஆர்டர் ஹைதராபாத்துக்குப் போய்விடும், நாங்கள் பொங்கலுக்குள் ஷெட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். எனக்கென்ன, எதையாவது விற்றுப் பிழைத்துக்கொள்வேன். பிரகதி காலேஜ் வேலையை உதறிவிட்டு இதற்கு வந்தவள். திரும்பப் போனால் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் சேர்த்துக்கொண்டவர்களின் முகத்தை அவள் தினமும் பார்த்தாக வேண்டும்.

நாங்கள் செய்வது ஃபில்டர். காப்பிக்கு இல்லை என்று பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் விளக்கியிருக்கிறேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. ஊர்ப்புறத்து டவர்களில் இன்டர்நெட் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். காற்றில் வருகிற எத்தனையோ அலைகளில் பேண்டு என்கிற இரண்டு வரிசையை மட்டும் உள்ளே விட்டு, மிச்சத்தை வாசலோடு திருப்பி அனுப்பும். பந்தி நடக்கிற இடத்தில் பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் மட்டும் விட்டுவிட்டு, மற்றவனைச் சிரித்துக்கொண்டே ஓரங்கட்டுகிற சித்தப்பா ஒருவர் எல்லாக் கல்யாணத்திலும் இருப்பாரே, அந்த உத்தியோகம்.

எங்கள் அப்பாவுக்குக் கீழ ராஜ வீதியில் பாத்திரக்கடை. இந்த வித்தையை பிரகதி எனக்கு முதலில் புரியவைத்தது ஒரு பித்தளைக் குண்டானை வைத்துத்தான். சுத்த வட்டமான குண்டானைத் தட்டினால் ஒரே நாதம். எங்காவது லேசாக நெளிந்திருந்தால் நாதம் இரண்டாகப் பிரிந்து அலை அலையாக வரும். கடையில் அது குற்றம். நெளிந்த பக்கத்தை விரலுக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு தட்டிக் காட்டுவதை நான் மீசை முளைப்பதற்கு முன்பே கற்றிருந்தேன். இவள் தொழிலிலோ அந்த நெளிவுதான் சரக்கு. போர்டின் மேல் செம்பில் இரண்டு சதுர வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று. வெளி வளையம் முதல் பேண்டுக்கு, உள் வளையம் இரண்டாவதற்கு. ஒவ்வொரு வளையத்தின் ஒரு மூலையிலும் வேண்டுமென்றே சின்னதாக ஒரு செம்புத் துண்டை நீட்டிவிட்டிருப்பாள். அதனால் ஒரே வளையத்தில் அலை இரண்டு விதமாக ஆடும். இரண்டும் கொஞ்சம் விலகித் தோளோடு தோள் நின்றால் வாசல் அகலமாகும். துண்டு போதவில்லையென்றால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு வாசல் ஒடுங்கிவிடும்.

உள் வளையத்து வாசல்தான் ஒடுங்கிக் கிடந்தது. கம்ப்யூட்டரில் வரைந்தபோது எல்லாம் சரி. புதிதாக வந்த போர்டு ரகத்தில் ஏதோ மயிரிழை வித்தியாசம். துண்டைப் பெரிதாக்கினால், அந்த மூலையை ஒட்டி ஓடுகிற செம்புக் கோடுகளைத் தொந்தரவு செய்து முதல் பேண்டு கெட்டது. அதை இழுத்துச் சரிசெய்தால் இது மறுபடி ஒடுங்கியது. குட்டைப் போர்வைக்குள் இரண்டு பேர் படுத்த கதையாக ஒரு வாரம் ஓடியிருந்தது.

"எம்புட்டுக் கொறையுது?"

"கொஞ்சம்."

"பேசி முடிக்கிற கொஞ்சமா?"

"இது கத்திரிக்கா இல்லண்ணே. கம்பெனிக்காரங்க கிழிச்ச கோட்டுக்கு இங்கிட்டு நின்னா தேறல, அங்கிட்டு நின்னா தேறிச்சு. நடுவுல பேச ஒண்ணுமில்ல."

வாசலில் கார் நின்றது.

பிளெஸ்ஸி மேடத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வாடிக்கையாளர் கடைக்குள் வந்ததும் எதை முதலில் பார்க்கிறார் என்று கவனிக்க வேண்டும் என்பது எங்கள் அப்பாவின் பாடம். விலையைப் பார்க்கிறவரைச் சமாளிக்கலாம், அடியைத் திருப்பிப் பார்க்கிறவரிடம் வாயைக் குறைக்க வேண்டும். இந்த அம்மா என்னையும் பார்க்கவில்லை, கட்டியிருந்த மாவிலையையும் பார்க்கவில்லை. நேரே சுவரோரம் போய்க் குனிந்து, பிளக்கில் எர்த் கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தார். அடியைத் திருப்பிப் பார்க்கிற ரகம்.

கொஞ்ச நேரம் வாங்கலாம் என்று, பூசையை முடித்துவிட்டுப் பரிசோதனையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் தாராளமாக என்றார். ஆட்சேபணை வேறு பக்கமிருந்து வந்தது. எங்களிடம் சால்டரிங் வேலை முழுக்க செவந்தி கையில். சாமிக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். எங்கள் கடைத்தெருவிலோ சூடம் அணைவதற்குள் ஒரு போணி நடந்தாக வேண்டும். இரண்டு சாத்திரமும் கொஞ்சம் மோதின. கடைசியில் செவந்தி அவள் பாணியில் எல்லை பிரித்துக்கொடுத்தாள்.

"மிஷினு ஒங்களது மொதலாளி, நீங்க என்னமும் பண்ணிக்கிருங்க. பத்தவைக்கிற அயர்னு என்னது. நாளைக்கு விடிஞ்சுதான் தொடுவேன்."

மேசைமேல் அலையை அளந்து திரையில் காட்டுகிற அனலைசர், ஸ்குரூடிரைவர்கள், செவந்தியின் அயர்ன், ஓரத்தில் மூடியில்லாத தாங்கியில் மாட்டிய எங்கள் சாம்பிள். பொரி, கடலை, அவல், சுண்டல். சும்மா ஓரமாக நிற்பது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பிளெஸ்ஸி மேடம் தானும் பொட்டு வைக்கலாமா என்று கேட்டார். குங்குமத்தைச் செவந்தியே வைக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சந்தனக் கிண்ணத்தை மட்டும் கையில் வாங்கிக்கொண்டார். நான் கண்ணை மூடி மணியாட்டினேன். இரண்டாவது பேண்டுக்காக அன்று நான் வேண்டியதில் பாதிக்குமேல் மிரட்டல்தான்.

சூடம் தணிந்ததும் பரிசோதனை ஆரம்பித்தது. முதல் பேண்டு திரையில் அழகாக எழுந்தது. பிளெஸ்ஸி மேடம் தலையாட்டினார். அடுத்து இரண்டாவது. நான் சுண்டல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெளிந்த குண்டானை விற்கும்போது அதைப் பார்க்கக்கூடாது, வாங்குகிறவரும் பார்ப்பார்.

"குட்" என்றார் அவர்.

நிமிர்ந்தேன். வாசல் அகலமாக, கோட்டுக்கு அங்கிட்டே நின்றது. காலையில் ஒடுங்கிக் கிடந்த அதே பேண்டு. சாமிக்கு மனசுக்குள் ஒரு மாலை சொல்லிவிட்டேன். ஆனால் பிரகதி முகம் தெளியவில்லை. திரையில் ஒரு எண்ணை உற்றுப் பார்த்தாள். வாசலைக் கடக்கும்போது அலையில் வீணாகிற இழப்பு காலையைவிடக் கூடியிருக்கிறதே என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். அதுவும் எல்லைக்குள்தானே என்றார் பிளெஸ்ஸி மேடம். ஆமாம் என்று சொல்லிக்கொண்டே இவள் போர்டின் பக்கம் குனிந்தாள். அப்புறம் அப்படியே நின்றாள்.

அவள் பார்வை போன இடத்துக்கு நானும் போனேன். போர்டு சந்தன நிறம், அதன்மேல் சந்தனம். சாய்ந்து பார்த்தால்தான் தெரிந்தது. உள் வளையத்தில் செம்புத் துண்டு நீட்டியிருக்கிற மூலைக்கு நேர் எதிர்மூலையில், மிளகளவு ஈரப்பொட்டு. எங்கள் ஷெட்டில் யாரும் போர்டுமேல் வைக்கமாட்டார்கள், மூடிமேல்தான் வைப்போம். இன்றைக்கு மூடியுமில்லை, அந்த அம்மாவுக்கு அது தெரியவும் நியாயமில்லை. மேசையில் இருந்த எல்லாவற்றுக்கும் முறையாக வைத்ததுபோல் இதற்கும் வைத்துவிட்டார்.

பிரகதி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஈரம் அலையைப் பிடித்திழுக்கும் என்பது எனக்கும் தெரியும், கை வியர்வை பட்டாலே அவள் கத்துவாள். ஆக, வாசலை அகலமாக்கி நிறுத்தியிருப்பது சந்தனம். அது காய்ந்துகொண்டிருந்தது. திரையில் அலைக்கோடு, பார்க்கிறவருக்குத் தெரியாதபடி, உள்ளே உள்ளே நகர்ந்தது.

என் தலைக்குமேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் நிதானமாக நடந்துபோய் அதை நிறுத்தினேன். காகிதம் பறக்குது என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். பிளெஸ்ஸி மேடம் பையிலிருந்து பேனாவை எடுத்தார். வெயில் தகரக்கூரையில் இறங்கி எங்கள் கழுத்தில் வழிந்தது. மேடம், முதல்ல கையெழுத்தைப் போட்டுட்டீங்கன்னா மிச்சத்தை நானே நிரப்பி ஸ்கேன் பண்ணி அனுப்பிடுறேன் என்று குழைந்தேன். இந்தக் குரலுக்கு எத்தனையோ பேர் வேண்டாத குத்துவிளக்கைச் சோடியாக வாங்கிப் போயிருக்கிறார்கள். அவர் அசையவில்லை. ஒவ்வொரு எண்ணாகத் திரையைப் பார்த்து எழுத ஆயத்தமானார்.

நான் பிரகதியின் காலை மிதித்தேன். நல்ல அழுத்தமாகவே மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"மேடம், எழுதாதீங்க."

பேனா நின்றது.

"உள்வளையத்து மூலையில ஒங்க சந்தனம் இருக்கு. அது ஈரமா இருக்கிறதாலதான் இது தேறியிருக்கு. இப்பவே காஞ்சுக்கிட்டு வருது, கோட்டைப் பாருங்க."

பிளெஸ்ஸி மேடம் கோட்டைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். பிறகு தன் மோதிர விரல் நுனியைப் பார்த்தார், அதில் இன்னும் மஞ்சளாக ஒட்டியிருந்தது. கடைசியாக அண்ணாந்து, நின்றுபோயிருந்த விசிறியைப் பார்த்தார்.

"ஃபேனைப் போடுங்க சார்" என்றார் என்னிடம்.

போட்டேன். போர்டைத் துடைத்துக் காட்டச் சொன்னார். பிரகதி பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். திரையில் வாசல் கண்ணெதிரே ஒடுங்கிக் கோட்டுக்கு இங்கிட்டு வந்து உட்கார்ந்தது. அவர் பேனாவை மூடினார்.

பேரத்தில் மிக மோசமான கட்டம், எதிராளி கோபப்படாமல் எழுந்திருப்பதுதான். கோபப்பட்டால் இன்னும் சாமான்மேல் ஆசை இருக்கிறது என்று அர்த்தம். இவர் சாந்தமாகப் பையை எடுத்தார். நான் குறுக்கே போய் நின்றேன். இன்னும் காகிதத்தில் ஒரு எழுத்தும் விழவில்லையே, அப்படியென்றால் பரிசோதனை இன்னும் தொடங்கவேயில்லை என்றுதானே கணக்கு என்று கேட்டேன். பொட்டு வைத்தது யாரென்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை அவர் கேட்டுக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அதற்காக இளகியதாகவும் தெரியவில்லை.

பிரகதி எங்கள் இருவர் பேச்சிலும் இல்லை. போர்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

"எதிர்மூலை" என்றாள். "இந்தப் பக்கம் செம்புக் கோடே போகல. நான் ஒரு வாரமா அந்த மூலையையே கட்டிக்கிட்டு அழுதிருக்கேன். சந்தனம் இருந்தப்ப மொதப் பேண்டு அசையவேயில்ல, கவனிச்சீங்களா மேடம்?"

பிளெஸ்ஸி மேடம் கவனித்திருந்தார். அது தெரிந்தது, ஏனென்றால் பை மறுபடி மேசைக்கு வந்தது. துண்டு இருக்கிற மூலையும் அதற்கு நேர் எதிர்மூலையும் அலைக்கு ஒரே கணக்குத்தான், எதில் ஒட்டினாலும் நெளிவு கூடும் என்று பிரகதி அவசரமாகச் சொல்லிக்கொண்டே போனாள். சந்தனத்துக்குப் பதில் அங்கே ஒரு செம்புப் பொடித்துண்டைப் பற்றவைத்தால் காய்ந்துபோக ஒன்றுமில்லை, இழப்பும் குறையும்.

"எனக்குச் சாப்பாடு சொல்லியிருக்கீங்கன்னு சார் சொன்னாரு" என்றார் பிளெஸ்ஸி மேடம். "சாப்பிட்டுட்டுக் கெளம்புறேன். நான் கை கழுவுற வரைக்கும் ஒங்களுக்கு நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

பிறந்ததிலிருந்து நான் பயின்ற வித்தைக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. வந்தவரைக் கடையில் உட்காரவைப்பது. அடுத்த அறையில் எலை போட்டேன். கதவைப் பாதி சாத்திவைத்தேன். மெஸ்ஸிலிருந்து வந்த தூக்குகளை ஒவ்வொன்றாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு ஊர்க்கதை வைத்து, திறந்தேன். கொடும்பாளூரில் மூன்று கோயிலில் இரண்டுதான் நிற்கிறது, மூன்றாவது எங்கே போயிற்று என்பதைச் சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் நடுவில் ஓட்டினேன்.

அந்தப் பக்கம் பேச்சு தணிந்து கேட்டது. பிரகதி துண்டை வெட்டிவிட்டாள், அவளுக்குப் பற்றவைத்துப் பழக்கமில்லை. செவந்தி தன் அயர்னைத் தரமாட்டாள், தானும் தொடமாட்டாள். அக்கா, என் வாழ்க்கையே இதுல இருக்கு என்று பிரகதி கெஞ்சுவது கேட்டது. அதற்குச் செவந்தி, சாமி குத்தம் வந்தா எங்க வீட்டுக்கில்ல வரும் என்றாள். நான் அப்பளத்தை வைத்த கையோடு கதவிடம் போய் நின்றேன். என்ன விலைக்கு இறங்குவாள் என்று எனக்கே தெரியவில்லை.

செவந்தி யோசித்தாள். பிறகு பரணைக் காட்டினாள்.

"கைப்பிடி வெடிச்ச பழைய அயர்னு ஒண்ணு மேல கெடக்கு. அதுக்கு நான் பொட்டு வைக்கல. சாமிக்கு அது கணக்குல இல்ல."

எந்தக் கடைத்தெருவிலும் இதைவிட நல்ல தீர்ப்பை நான் கேட்டதில்லை. அவளே ஏறி எடுத்தாள், அவளே கைப்பிடியில் துணி சுற்றினாள். பழசு சூடேற நேரம் பிடித்தது. நான் உள்ளே ஓடிப்போய் ரசத்தைத் திறந்தேன். பிளெஸ்ஸி மேடம் ரசம் போதும் என்றார். மோரைத் திறக்காமல் பாயசத்தை எடுத்தேன். அது முடிந்ததும் இன்னொரு கரண்டி. இந்தப் பாயசத்தில் முந்திரியை நெய்யில் வறுக்கிறார்களா எண்ணெயிலா என்று நான் தொடங்கும்போதே அவர் நிமிர்ந்தார்.

"சார், இன்னொரு கரண்டி விட்டீங்கன்னா நான் அப்படியே எந்திரிச்சுக் கைகழுவிருவேன்."

மோரை ஊற்றினேன். வேறு வழியில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஈயம் உருகுகிற வாடை வந்தது. மோர் முடிந்தது. அவர் எலையை மடக்கினார். எழுந்தார். குழாயடியில் சோப்பு இந்தப் பக்கம் இருக்கு, துண்டு அந்தப் பக்கம் இருக்கு என்று என்னால் முடிந்த திசையெல்லாம் காட்டினேன். அவர் துடைத்துக்கொண்டே ஷெட்டுக்குள் நுழைந்தபோது, செவந்தி பழைய அயர்னைக் கீழே வைத்தாள். பிரகதி தாங்கியில் கடைசித் திருகை முறுக்கினாள்.

முதல் பேண்டு வந்தது. அசையவில்லை. இருந்த இடத்தில் இருந்தது.

பிரகதி இரண்டாவதற்குக் குமிழைத் திருப்பினாள். அலைக்கோடு எழுந்தது. தோள் இரண்டும் விலகி நின்றன. வாசல் கோட்டுக்கு அங்கிட்டே, ஒரு நூலிழை தாராளமாகவே நின்றது. இழப்பு காலையில் இருந்த அளவுக்கே திரும்பியிருந்தது.

நான் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். பிளெஸ்ஸி மேடம், ஈரம் காய்ந்தால் மாறுவதைப் பார்த்தாயிற்று, சூடேறினால் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். டவர் மேல் வெயிலில் கிடக்கப்போகிற சாமான். சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கன்னைத் தானே எடுத்துப் போர்டின்மேல் பிடித்தார். புது ஈயம், பழைய அயர்ன், அவசரப் பற்று. துண்டு பெயர்ந்தால் எல்லாம் முடிந்தது. செவந்தி கையைப் பிசையவில்லை, கும்பிடவில்லை. தன் பற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அலைக்கோடு சூட்டில் மெல்ல ஒருபக்கம் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அப்புறம் நின்றுவிட்டது. கோட்டுக்கு அங்கிட்டுத்தான் நின்றது. அவர் கன்னை அணைத்தார். மெல்ல அது பழைய இடத்துக்குத் திரும்பிவந்தது.

பேனா திறந்தது. முதல் அளவு செல்லாது, பரிசோதகர் தன் கையால் போர்டில் சந்தனம் வைத்ததே காரணம் என்று ஆங்கிலத்தில் அவரே எழுதினார். அதை எழுத வேண்டாமே மேடம் என்று நான் சொல்லவந்தேன், பிரகதி பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன். சாம்பிள் தான் இங்கே இருந்தபோதே திருத்தப்பட்டது, புதுப் போர்டிலேயே எதிர்மூலைத் துண்டையும் சேர்த்து வரைந்து அடுத்த மாதம் முதல் தொகுதியைக் காட்ட வேண்டும், அதுவரை ஆர்டர் நிபந்தனையோடு எங்களுக்கு. அடியில் கையெழுத்து. பிரகதி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

காருக்கு வழியனுப்ப நான்தான் போனேன். பொரியும் சுண்டலும் பொட்டலமாகக் கட்டி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

"ஒங்க தங்கச்சி சொல்லலேன்னா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"ஆமா மேடம்."

"நீங்க சொல்லியிருப்பீங்களா?"

இதற்கு நாலு விதமாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியும், நாலுமே நம்பும்படி இருக்கும். எர்த் கம்பியைக் குனிந்து பார்த்த ஆள் ஞாபகத்துக்கு வந்தார்.

"மாட்டேன் மேடம்."

அவர் சிரித்ததுபோல் இருந்தது. முதல் தொகுதிக்குத் தான் வரும் அன்றைக்கு மிஷினிடம் பிரகதியும் செவந்தியும் மட்டும் இருந்தால் போதும் என்றார். அளந்த காகிதம் எதிலும் என் கையெழுத்து இருக்கக்கூடாது. நான் ஷெட்டுக்குள்ளேயே வரவேண்டாம், சாப்பாட்டை மட்டும் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கோயில் கதை வேண்டாம். அப்படி ஒரு வரியைக் காகிதத்திலும் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்.

என் வாழ்நாளில் யாரும் சொன்ன முதல் விலைக்கு நான் ஒத்துக்கொண்டதில்லை. சரிங்க மேடம் என்றேன். கார் திருச்சி ரோட்டில் ஏறியது. உள்ளே, மூடி போடாத போர்டு எதையும் இனிப் பூசை மேசைமேல் வைக்கக்கூடாது என்று பிரகதி யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.